தீர்மான நோட்டு

சடையனேந்தலுக்குக் காலை ஒன்பது மணிவாக்கில் நீங்கள் போயிருந்தால் உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வரத்துக்காலின் கரையில் அறுபது பேர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் போல நாலு வரிசையாக நிற்பார்கள். பாதிக்கு மேல் வயதான பெண்கள். மண்வெட்டியும் கடப்பாரையும் காலடியில் கிடக்கும். எதிரே கனகா கைபேசியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து நடந்து, அத்தனை பேரையும் ஒரே படத்துக்குள் கொண்டுவரப் பார்ப்பாள். படத்தில் முகம் விழாதவர் அன்றைக்கு வேலைக்கு வராதவர். மேலிடத்துச் சட்டம் அப்படி.

"ஆண்டிச்சாமி அண்ணே, துண்ட எடுங்க. மூஞ்சி தெரியல."

"தெரிஞ்சா மட்டும் எனக்கு யாரு பொண்ணு குடுக்கப் போறா?"

"இருக்கிற ஒருத்திய வச்சே உன்னால ஆகல," என்றாள் முன்வரிசையில் நின்ற முருகம்மாள். "நேரா நில்லுய்யா. உன் ஒருத்தனால எங்க எல்லாருக்கும் வெயிலேறுது."

"நீ கொஞ்சம் சிரி ஆத்தா. படம் நல்லா விழும்."

"சிரிக்கப் பல்லு எங்கிட்டு இருக்கு?"

படம் விழுந்ததும் வரிசை கலையும். சோடி சோடியாகப் பிரிந்து போவார்கள். ஒருத்தி வெட்டிச் சட்டியில் அள்ளிப் போட, இன்னொருத்தி சுமந்து கரையில் கொட்டுவாள். முருகம்மாளுக்கு நடந்தால் முழங்கால் பிடித்துக்கொள்ளும், ஆனால் குனிந்து வெட்டச் சலிக்க மாட்டாள். அவள் அள்ளிப் போட, கனகாவின் மாமியார் சோணையம்மாள் சுமப்பாள். சுமக்கிறவள் வர நேரமானால் வெட்டுகிறவள் வைவாள். பொழுது அப்படியே போகும்.

இதுதான் நூறு நாள் வேலை. கனகா அதற்கு மேட். காகிதத்தில் பணித்தளப் பொறுப்பாளர் என்று நீளமாக இருக்கும். வேலைக்கு வருகிற கீழத்தெருவில் ஒருவருக்கும் காணி நிலம் கிடையாது. மேலத்தெருக்காரர்களின் வயலில் நட்டு, களை எடுத்து, அறுத்துப் பிழைத்தவர்கள். வயலெல்லாம் இப்போது மனையாகிவிட்டது. நாலுவழிச் சாலையிலிருந்து ஊர் வரைக்கும் மஞ்சளும் சிவப்பும் அடித்த கற்கள் நட்டுக் கிடக்கின்றன. மனைக்கல்லுக்குக் களை எடுக்க ஆள் வேண்டாமே. அதனால் வரத்துக்காலும் கண்மாய்க் கரையும்தான் அந்தத் தெருவுக்கு வயல்.

கனகா பத்தாவது படித்தவள். எட்டு வருசமாக மேட். யாருக்குக் கடிதம் வந்தாலும் அவள்தான் வாசிப்பாள். ஆதார் கார்டில் பேர் தப்பாக இருந்தால் அவள்தான் கூட்டிக்கொண்டு அலைவாள். பெருவிரலை மையில் தோய்த்துக்கொண்டிருந்த முருகம்மாள் அறுபத்தைந்து வயதில் கையெழுத்துப் போடப் பழகியதும் கனகாவால்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரத்துக்கால் ஈரமண்ணில் குச்சியால் எழுதிக் காட்டுவாள். 'ம்மா' மட்டும் கிழவிக்கு வசப்படாமல் மூக்கறுந்த மாதிரி வரும். அது அப்படியே நிலைத்தும்விட்டது.

அந்த வருசம் புரட்டாசி பிறந்தும் வெக்கை இறங்கவில்லை. சாயந்தரம் நாகமலைக்கு மேலே மேகம் கூடும், கூடினபடியே கலைந்துபோகும். ஒரு வியாழக்கிழமை மதியம் கருவேலமர நிழலில் எல்லாரும் தூக்குச்சட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். கம்மங்கஞ்சியும் சுட்ட கருவாடும் மாங்காய் வற்றலும் மணந்தன. ஆண்டிச்சாமி தன் கைபேசியைக் கனகாவிடம் நீட்டினார்.

"ஆபீஸ் செவத்துல என்னமோ ஒட்டியிருக்காக. போட்டோப் புடிச்சாந்தேன். என்னன்னு வாசி, கேப்போம்."

கனகா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். சத்தமாக வாசித்தாள். சடையனேந்தல் ஊராட்சியை மாநகராட்சியுடன் இணைப்பதற்கான முன்மொழிவு. ஆட்சேபம் உள்ளவர்கள் அக்டோபர் இரண்டாம் தேதி கிராம சபையில் தெரிவிக்கலாம்.

"அப்படின்னா?" என்றாள் முருகம்மாள்.

"நம்ம ஊரு மதுரையோட சேந்துரும் சின்னாத்தா. பஞ்சாயத்து இருக்காது. கவுன்சிலர் வந்துருவாக."

"சேந்தா சேரட்டும். மீனாச்சி கோயிலு பக்கத்துல வந்துரும்."

"கோயிலு வராது. நூறு நாளு போயிரும்," என்றார் ஆண்டிச்சாமி. "என் கொழுந்தியா ஊர முன்னாடி சேத்தாகள்ல. சேத்த வருசமே வேலைய நிப்பாட்டிட்டாக. டவுனுக்கு நூறு நாளு கெடையாதாம்."

வாயில் வைத்த கஞ்சியோடு எல்லாரும் கனகாவைப் பார்த்தார்கள். அவள் பார்வை படத்தின் கடைசி வரியில் நின்றிருந்தது. மேற்படி இணைப்பினை வரவேற்று ஆகஸ்டு பதினைந்தாம் தேதி கிராம சபையில் நூற்று எழுபத்து மூன்று பேர் ஒப்பமிட்டு ஏகமனதாக நிறைவேற்றிய ஒன்பதாம் தீர்மானத்தின்படி.

"நெசந்தானா கனகா?"

"ஆமா சின்னாத்தா. டவுன்ல இந்த வேல கெடையாது."

"அம்புட்டுத்தான் போட்டுருக்கா? வேற இல்லையா?"

கனகா கைபேசியை ஆண்டிச்சாமியிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"அம்புட்டுத்தான்," என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்பீர்கள். ஆகஸ்டு பதினைந்தில் நடந்ததைச் சொன்னால்தான் விளங்கும். அன்றைக்குக் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்ததும் கூட்டம் கலைந்துவிட்டது. கிராம சபைக்கு மிஞ்சியது முப்பத்தைந்து பேர். சபை செல்லுபடியாக வேண்டுமென்றால் அதைப் போல நாலு பங்குக்கு மேல் கையெழுத்து வேண்டும். ஊராட்சிச் செயலர் தங்கப்பாண்டி எப்போதும் போலத் தீர்மான நோட்டைக் கனகாவிடம் கொடுத்தார். "வேலை நடக்கிற எடத்துலயும் தெருவுலயும் ரெண்டு நாள்ல வாங்கிக் குடுத்துரு." எட்டுத் தீர்மானம் எழுதியிருந்தது. அதற்குக் கீழே கொஞ்சம் வெற்றிடம். அதற்கும் கீழே கையெழுத்துக்குக் கோடு.

"இந்த எடம் எதுக்குண்ணே?"

"விட்டுப்போனத எழுதிக்கிருவேன். நீ வாங்கு."

எட்டு வருசமாக அப்படித்தான். குடிதண்ணீர், கொசு மருந்து, பிளாஸ்டிக் ஒழிப்பு. ஒரே தீர்மானம் வருசா வருசம் தேதி மாறி வரும். கையெழுத்துப் போடுகிறவர்களுக்கும் அது வந்ததற்கு அடையாளம், அவ்வளவுதான். மண் ஒட்டின கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போட்டார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கொண்டுவந்தது கனகா என்பதால் கேட்கத் தோன்றவில்லை.

அறிவிப்பை வாசித்த வியாழக்கிழமை சாயந்தரமே அவள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போனாள். தங்கப்பாண்டி கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். தலைவர் நல்லகாமன் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"தங்கப்பாண்டிண்ணே, ஆகஸ்டு நோட்டக் கொஞ்சம் காட்டுங்க."

தங்கப்பாண்டி தலைவரைப் பார்த்தார். "காட்டுய்யா," என்றார் நல்லகாமன். "அவ வாங்குன கையெழுத்துத்தான?"

ஒன்பதாம் தீர்மானம் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது. இடம் பத்தாமல் கடைசி வரி முதல் கையெழுத்தின் தலையில் போய் இடித்தது. அந்த முதல் கையெழுத்து கனகாவுடையது. மற்றவர்களுக்குத் தைரியமாக இருக்கட்டும் என்று எப்போதும் அவள்தான் முதலில் போடுவாள்.

"என்னண்ணே இது? இப்படிச் செய்யலாமா?"

"என்னைய ஏம்மா கேக்குற?" என்று தங்கப்பாண்டி திரையையே பார்த்துக்கொண்டு சொன்னார். "எழுதச் சொன்னாக, எழுதுனேன்."

"நான்தான் சொன்னேன்," என்றார் நல்லகாமன். குரலில் கோபம் இல்லை. "ஒக்காரு கனகா. நான் என்ன ஊரக் கெடுக்கவா சொன்னேன்? சேந்தா டவுன் பஸ்ஸு வரும். நாலு நாளைக்கு ஒருக்க வர்ற தண்ணி தெனம் வரும். உன் மக காலேசுக்குப் போக நாலுவழிச் சாலை வரைக்கும் இருட்டோட நடக்குறால்ல? அது உனக்குச் சொகமா இருக்கா?"

"அதச் சபையில பேசியே எழுதியிருக்கலாமே அய்யா?"

"பேசுனா விடுவாகளா? நூறு நாளு, நூறு நாளுன்னு கத்துவாக. எத்தன காலத்துக்குத்தான் அந்த வரத்துக்கால வெட்டுவீக? வெட்டுன மண்ணு மழைக்கு மறுபடி அங்கயேதான் போகுது. எனக்கும் மனை விக்கும், இல்லங்கல. ஊருக்கும் நல்லதுதான?"

 அவர் சொன்னதில் பாதி கனகாவும் நினைத்ததுதான்.

"உனக்கு ஒரு வழி பண்ணாமலா இருப்பேன்? துப்புரவு வேலைக்குக் காண்ட்ராக்டர் வருவான். மேற்பார்வைக்கு ஆளு கேப்பான். உன் பேரச் சொல்றேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "ரெண்டாந்தேதி சபையில வாயத் தொறக்காம இரு, போதும். வெத்து எடத்துக்குக் கீழ கையெழுத்து வாங்குறது குத்தம் தெரியும்ல? நோட்டு உன் கையிலதான் இருந்துச்சு. கேசுன்னு போனா முதல்ல உன் பேருதான் வரும்."

வீட்டில் சோணையம்மாள் அடுப்பில் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். புருசன் சிவபாண்டி, மதுரையில் கூலிக்கு ஆள் எடுக்கிற காளவாசல் முக்கில் நின்று கொத்தனார் வேலைக்குப் போகிறவன். அன்றைக்கு வேலை கிடைக்காமல் மதியமே திரும்பிவிட்டான். மகள் தமிழ்ச்செல்வி பசுமலைக் கல்லூரியில் இரண்டாம் வருசம். வந்த களைப்பில் சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தாள். மூன்று பேரிடமும் கனகா ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது கருவாடு தீய்ந்துவிட்டது.

"அப்ப என் கையெழுத்தும் அதுல இருக்கு," என்றாள் சோணையம்மாள்.

"இருக்கு அயித்த."

"நூறு நாளு வேண்டாம்னு நானே எழுதிக் குடுத்துருக்கேன்."

"ஆமா அயித்த."

கிழவி வாணலியை இறக்கிவைத்தாள். "முருகம்மாளுக்குத் தெரியுமா?"

"சொல்லல."

"அவளுக்குப் புள்ள குட்டி யாரு இருக்கா? இந்த வேல இருக்கங்காட்டித்தான் அவ உலை வைக்கிறா."

"சேரட்டும்மா," என்றாள் தமிழ்ச்செல்வி. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஏன் பாக்குறீக? ஆறு மணிக்கு மேல அந்தப் பிளாட்டு வழியா நடந்து வந்து பாருங்க. கல்லுக்குக் கலரு அடிச்சு வச்சிருக்கான், ஒரு லைட்டு கெடையாது. பைக்குல வர்றவன் சும்மா போறதில்ல. செருப்பக் கையில எடுத்துக்கிட்டு ஓடி வாரேன் நான். பஸ்ஸு வந்தா எனக்கு வேணும்."

"பஸ்ஸுல ஏறி நான் எங்கடி போறது?" என்றாள் சோணையம்மாள். "அறுபத்தெட்டு வயசுக்கு எந்தக் கம்பெனியில என்னையச் சேப்பான்?"

"நான் உங்க வேலையப் பறிக்கச் சொன்னேனா? ரெண்டும் வேணும்னுதான சொல்றேன்."

"ரெண்டும் குடுக்க மாட்டாகளாம்ல."

சிவபாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தான். "இந்தா பாரு கனகா, சும்மா இரு. நாளைக்கு வீட்டு வரிக்கும் பட்டாவுக்கும் அவருகிட்டத்தான் போய் நிக்கணும். ஊரு சேரணும்னு மேல முடிவு பண்ணிட்டா நீ சொல்லியா நிக்கப் போகுது? சேரத்தான் போகுது. நீ மட்டும் கோர்ட்டுக்கு அலைவ. நம்ம தெருக்காரங்களே உன்னையக் கரிச்சுக் கொட்டுவாக."

"நான் செஞ்சது தப்புத்தானய்யா?"

"தெரியாமச் செஞ்ச."

"தெரியாமத்தான் செஞ்சேன். இன்னைக்கு மத்தியானம் அந்த வரிய முழுங்குனேன்ல, அது தெரிஞ்சே செஞ்சது."

 தமிழ்ச்செல்விதான் பேசினாள்.

"எனக்குப் பஸ்ஸு வேணும்மா. ஆனா நீ மறைச்சு வந்த பஸ்ஸுல நான் எப்படி ஏறுறது?"

அந்தப் பிள்ளை அதைப் பெரிய பேச்சாகச் சொல்லவில்லை. காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னாள்.

சபைக்கு இருந்த பத்து நாளும் கனகா வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் வரத்துக்காலுக்குப் போவாள். வரிசையில் அத்தனை முகமும் அவள் கைபேசிக்குள் வந்து நிற்கும். முருகம்மாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "விழுந்துருச்சா தாயி?" என்பாள். "விழுந்துருச்சு சின்னாத்தா," என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவாள். நம்மை நம்புகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்வதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். அவளைத் தப்பாக எண்ணாதீர்கள்.

அக்டோபர் இரண்டாம் தேதி சேவை மையக் கட்டிடத்துக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். வழக்கத்தில் இல்லாத கூட்டம். கீழத்தெரு மொத்தமும் பத்து மணிக்கே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டது. மேலத்தெருவிலும் ஆடு வளர்க்கிறவர்கள், கூலிக்குப் போகிறவர்கள் வந்திருந்தார்கள். ஒன்றிய அலுவலகத்திலிருந்து சபையை மேற்பார்வையிட ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். புழுக்கத்தில் அவர் கோப்பு அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தார்.

தங்கப்பாண்டி வரிசையாகப் படித்தார். இணைப்பு என்று வந்ததும் ஆண்டிச்சாமி எழுந்துவிட்டார்.

"அம்மா, எங்களுக்கு அது வேண்டாம். நூறு நாளு போயிரும். எழுதிக்கங்க."

"வேண்டாம், வேண்டாம்," என்று தரை முழுக்கச் சத்தம் வந்தது.

அதிகாரிக்குக் குழப்பமாகிவிட்டது. "ஆகஸ்டுல வேணும்னு நீங்கதான தீர்மானம் போட்டிருக்கீங்க? ஏகமனதான்னு இருக்கே?"

"யாரு போட்டா? நாங்க போடல."

"இதப் பத்திப் பேச்சே நடக்கலம்மா."

நல்லகாமன் எழுந்து நின்றார். "நோட்டக் குடுய்யா தங்கப்பாண்டி. அவுகளே பாக்கட்டும்."

நோட்டு முன்வரிசைக்கு வந்தது. ஆண்டிச்சாமி புரட்டினார். முருகம்மாள் அதை வாங்கி மடியில் வைத்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். கூட்டம் அவள் வாயைப் பார்த்தது. கிழவி விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டு வந்து ஓர் இடத்தில் நின்றாள்.

"இது எங்கையெழுத்து," என்றாள். "இந்த மூக்கறுந்த 'ம்மா' என்னுதுதான்."

"பாத்தீங்களாம்மா?" என்றார் நல்லகாமன் அதிகாரியிடம். "போட்டுட்டு இன்னைக்கு இல்லங்கிறாக. இதுகளுக்கு எது நல்லதுன்னு தெரியாது. எவனாவது தூண்டிவிட்டா இதுக ஆடும். நாளைக்குச் சோத்த வாங்கித் தின்னுட்டும் திங்கலன்னு சொல்லுவாக."

யாரோ பின்னால் சிரித்தார்கள். முருகம்மாள் நோட்டை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அறுபத்தொன்பது வயதில் ஊருக்கு முன்னால் பொய்க்காரி ஆகிவிட்டாள். அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்திலிருந்த சோணையம்மாளிடம், "நான் எப்படி சோணை இதப் போட்டேன்? எனக்கு நெனப்பு தப்பிப்போச்சா?" என்று கேட்டாள்.

கனகா எழுந்தாள். சிவபாண்டி அவள் முந்தானையைப் பிடித்தான். அவள் விலக்கிவிட்டாள்.

"நெனப்பு தப்பல சின்னாத்தா. நீங்க போட்டப்ப அதுல இது எழுதல."

அதிகாரி விசிறுவதை நிறுத்தினார்.

"நான்தான் வாங்குனேன் மேடம். மேட் கனகா. எட்டுத் தீர்மானந்தான் இருந்துச்சு. கீழ வெத்து எடம் விட்டுருந்துச்சு. அப்பறம் எழுதிக்கிருவோம்னாக. கேள்வி கேக்காம வாங்கிக் குடுத்தேன். பாருங்க, கடைசி வரி என் கையெழுத்துல இடிக்குது. கையெழுத்துக்குப் பெறகு எழுதுனது அது."

"ஒக்காரு கனகா," என்றார் நல்லகாமன்.

"இருங்கய்யா, இன்னும் இருக்கு. செவத்துல ஒட்டுனத நான்தான் இவுகளுக்கு வாசிச்சேன். இந்தத் தீர்மானத்தப் பத்தி அதுலயே போட்டுருந்துச்சு. அத மட்டும் விட்டுட்டு வாசிச்சேன். பயந்துட்டேன்."

கீழத்தெரு அவளுக்காகக் கைதட்டியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? இல்லை. ஆண்டிச்சாமி அவள் பக்கம் திரும்பினார்.

"எட்டு வருசமாவா இப்படி வாங்குன?"

"ஆமாண்ணே."

"அப்ப இதுக்கு முன்னால எதெதுக்கு நாங்க கையெழுத்துப் போட்டுருக்கோம்?"

"எனக்கும் தெரியாதுண்ணே."

அந்தப் பதில்தான் எல்லாரையும் குத்தியது. ஒருத்தி, "எங்க அத்தைக்கு அரசாங்க வீடு வராமப் போனது இதுலதானா?" என்று கேட்டாள். இன்னொருத்தி, "கண்மாய்க் கருவேலத்த ஏலம் விட்டாகளே, அதுவும் நாம போட்டதா?" என்றாள்.  கனகா நின்றுகொண்டே இருந்தாள்.

அதிகாரி நோட்டை வாங்கிப் பார்த்தார்.  எழுதின தீர்மானத்தை அடிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். வேண்டாம் என்று இன்றைக்கு ஒரு தீர்மானம் போடலாம், அதில் நடந்ததையும் எழுதலாம், இரண்டும் மேலே போகும், முடிவு அரசு எடுக்கும் என்றார். நடந்ததற்கு விசாரணை உண்டு, செயலருக்கும் உண்டு, மேட்டுக்கும் உண்டு. அதுவரை கனகா பொறுப்பில் இருக்க முடியாது. இதையெல்லாம் சொல்லும்போது நல்லகாமன் வெளியே போய் யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தார்.

தங்கப்பாண்டி எழுதினார். எழுதி முடித்ததும் கையெழுத்துக்கு நோட்டை நீட்டினார்.

"வாசிக்காமப் போட மாட்டோம்," என்றாள் முருகம்மாள்.

பழக்கத்தில் கனகா கையை நீட்டினாள். கிழவி நோட்டைக் கொடுக்கவில்லை.

"நீ வேணாம்த்தா. உன் மக வாசிக்கட்டும்."

தமிழ்ச்செல்வி வந்து வாங்கினாள். சடையனேந்தலை மாநகராட்சியோடு சேர்க்கக் கூடாது என்று ஊர் முழுக்கக் கேட்க வாசித்தாள். பணித்தளப் பொறுப்பாளர் கனகா என்பவர் நிரப்பப்படாத இடத்தின் கீழ் கையொப்பம் பெற்றதாகவும் என்று வந்த இடத்தில் நிறுத்தி அம்மாவைப் பார்த்தாள். அதையும் வாசித்தாள். பேருந்து வசதியும் தெருவிளக்கும் ஊராட்சியாக இருக்கும்போதே செய்து தர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டாள். அதிகாரி சரியென்றார். அதையும் எழுதச் சொல்லி, மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.

கையெழுத்துப் போட்டு முடிக்க மதியம் இரண்டு மணி தாண்டிவிட்டது. ஒவ்வொருவரும் தங்கள் பேருக்கு மேலே எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் போட்டார்கள். கையெழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் இருந்த ஒரு விரல்கடை இடத்தில் ஆண்டிச்சாமி பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். தமிழ்ச்செல்வி கடைசி ஆளாகப் போட்டாள். கனகாவிடம் நோட்டு வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை வரத்துக்காலில் புது மேட் படம் எடுத்தாள். மேலத்தெருப் பெண். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கனகா வேலை அட்டையோடு நாலாவது வரிசையில் கடைசியாக நின்றாள். அவள் கையில் அடி நசுங்கின ஒரு இரும்புச் சட்டி இருந்தது. எட்டு வருசமாக மண் சுமக்காத தலைக்குச் சும்மாடு கோலக்கூட அவளுக்குச் சரியாக வரவில்லை.

சேர்ப்பார்களா, விடுவார்களா என்று மேலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. விசாரணைக்கு என்றைக்குக் கூப்பிடுவார்கள் என்றும் தெரியாது. காளவாசலில் ஆள் எடுக்க வருகிற மேலத்தெரு மேஸ்திரிகள் யாரும் சிவபாண்டியை வேலைக்குக் கூப்பிடவில்லை.

வரிசை கலைந்து சோடி பிரிந்தது. கனகாவை யாரும் கூப்பிடவில்லை. ஆண்டிச்சாமிகூடத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். அவள் சட்டியைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே நின்றாள். வெயில் ஏறிவிட்டது. புது மேட் வேறு, "ஏன் நிக்கிறீக? வேலை செய்யாம நின்னா எழுத மாட்டேன்," என்றாள்.

முருகம்மாள் நாலு வெட்டு வெட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"சோணை, நீ அந்தக் கருப்பாயிகூடப் போ. அவளுக்கு ஆளில்ல."

"நீ?"

"போன்னா போடி."

சோணையம்மாள் மருமகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். முருகம்மாள் மண்வெட்டியால் தரையில் தட்டினாள். அதுதான் கூப்பிட்டது. கனகா இறங்கிப் போய்ச் சட்டியை அவள் முன்னால் வைத்தாள். கிழவி அள்ளிப் போட்டாள். வழக்கமாகச் சட்டிக்கு ஆறு வெட்டு. ஏழு போட்டாள், எட்டுப் போட்டாள். மண் விளிம்புக்கு மேலே குவிந்து சரிந்தது. கனகா சும்மாட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"இன்னும் ரெண்டு போடவா?" என்றாள் முருகம்மாள். முகத்தை நிமிர்த்தவில்லை.

"போடுங்க சின்னாத்தா."

கிழவி இரண்டும் போட்டாள். பிறகு ஒரு பக்கம் தான் பிடித்து, முழங்கால் வலியில் முனகிக்கொண்டே, சட்டியைத் தூக்கி அவள் தலையில் ஏற்றிவிட்டாள்.